ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்கம் ஒரு பெரிய பிரச்சினை. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். பொதுவாக 50 முதல் 80 சதவீதம் என்பார்கள். படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் தூங்காமல் புரளும் குழந்தைகள், இரவு இரண்டு மணிக்கு எழுந்து கைதட்டிச் சிரித்து விளையாடும் குழந்தைகள், நான்கு மணிக்கே நாளைத் தொடங்கிவிடும் குழந்தைகள். சிலரிடம் இந்த மூன்றுமே உண்டு. மற்ற குழந்தைகளும் தூங்க அடம்பிடிப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் வயது ஏற ஏற அது கழிந்துவிடும். இவர்களுக்கு அப்படித் தானாகக் கழிவதில்லை, வருடக்கணக்கில் நீடிக்கிறது.

“ஆட்டிசம் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று பல பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. தூங்காமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், சில நேரம் மூன்று நான்கு சேர்ந்தே இருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்தால், எல்லாம் சீராகாவிட்டாலும் இரவுகள் கண்டிப்பாக இலகுவாகும். காரணத்தைத் தேடாமல் நேராக மாத்திரைக்கோ, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பொருளுக்கோ போவதில்தான் பல வீடுகளில் மாதங்கள் வீணாகின்றன.

முதலில் எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட பரிந்துரையின்படி, 24 மணி நேரத்தில் 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் (பகல் தூக்கமும் சேர்த்து), 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இந்த வரம்புகள் அகலமானவை என்பதைக் கவனியுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருக்கலாம். அந்தக் குழந்தையை இரவு எட்டு மணிக்குப் படுக்க வைத்து, காலை ஏழு வரை தூங்கவேண்டும் என்று எதிர்பார்த்தால், அந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரம் முழுவதும் போராட்டமாகத்தான் போகும்.

தூக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகள் பலர் அதற்கு நேர்மாறாக ஓடுவார்கள், குதிப்பார்கள், சின்ன விஷயத்துக்கும் வெடிப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும், தன்னைத்தானே அடித்துக்கொள்வதும், கவனம் சிதறுவதும் கூடும். பகலில் இதைப் பார்ப்பவர்கள் ஆட்டிசம் தீவிரமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பகல் நடத்தைக்காகத் தெரபியைக் கூட்டுவதற்கு முன்னால், இரவு எப்படிப் போகிறது என்று ஒருவர் கேட்டாலே போதும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

தூக்கம் எப்படி வருகிறது?

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து கொண்டுவருகின்றன என்று 1982-ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் விளக்கினார். இன்றும் அந்த விளக்கத்தைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். முதலாவது தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேரத் தூக்கம் கண்ணைக் கட்டும். தூங்கினால் இறங்கிவிடும். மாலை ஐந்து மணிக்கு வண்டியில் அரைமணி நேரம் கண்ணயர்ந்த குழந்தை இரவு பத்து மணிக்கும் துள்ளிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இரண்டாவது உடலின் உள் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே அது இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து இது பகல், இது இரவு என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. இருட்டத் தொடங்கியதும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பே அதன் அளவு ஏறத் தொடங்கிவிடும். மெலடோனின் அடித்துப்போட்டதுபோலத் தூங்கவைக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். “இரவு வந்துவிட்டது” என்று உடம்புக்கு அறிவிப்பதுதான் அதன் முக்கிய வேலை. கண்ணில் நேராக விழும் வெளிச்சம், குறிப்பாக ஃபோன், டிவி திரைகளிலும் வெள்ளை எல்இடி விளக்குகளிலும் கலந்திருக்கும் நீல ஒளி, அந்த அறிவிப்பைத் தள்ளிப்போட்டுவிடும்.

இந்த இரண்டு விசைகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்தால் தூக்கம் சுலபமாக வரும். ஒன்று முந்தி, மற்றது பிந்தினால் வராது.

ஆட்டிசத்தில் என்ன வேறுபடுகிறது?

ஆட்டிசம் உள்ள பலரின் உடலில் மெலடோனின் அளவு குறைவாக இருப்பதையும், அது சுரக்கும் நேரம் மாறியிருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மெலடோனின், செரோட்டோனின் என்ற இன்னொரு உடல் ரசாயனத்திலிருந்து உருவாகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிகளில் ஒன்று சிலரிடம் மந்தமாக இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது என்றாலும், “இவன் வேண்டுமென்றே தூங்காமல் இருக்கிறான்” என்ற குற்றச்சாட்டுக்கு இது ஒன்றே நல்ல பதில்.

அடுத்தது புலன்கள். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு, புலன் உணர்வுகளுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. நாம் கவனிக்காத ஃபிரிட்ஜ் சத்தம் சில குழந்தைகளுக்குத் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். சட்டைக் கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிள் உறுத்தும். புதிதாகத் துவைத்த போர்வையின் சோப்பு வாசனை பிடிக்காது. கதவிடுக்கில் வரும் ஒரு கீற்று வெளிச்சம் போதும், அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். இன்னொரு வகைக் குழந்தைகளுக்கு உடம்பின் உள்ளிருந்து வரும் செய்திகள் சரியாகக் கேட்பதில்லை. பசி, சிறுநீர் முட்டுவது எல்லாம் தாமதமாகத்தான் தெரியும். களைப்பும் அப்படித்தான். களைத்துப்போய்க் கண் சிவந்திருக்கும், ஆனாலும் படுக்கவேண்டும் என்று தோன்றாது.

வீடு அடங்குவதைப் பார்த்து மற்ற குழந்தைகள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள்: விளக்கு குறைகிறது, அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள், அப்பா கதவைப் பூட்டுகிறார், சரி, தூங்கும் நேரம். இப்படிச் சொல்லாமல் சொல்லும் குறிப்புகளைப் படிப்பதுதான் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கடினம். பிடித்த விளையாட்டை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுவதும் கடினம். ஆகவே “படுக்க வா” என்ற அழைப்பு அதற்கு முன்னறிவிப்பே இல்லாமல் வந்து விழுகிறது. மனப்பதற்றம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும்) போன்றவை கூடவே இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். ஏடிஎச்டிக்குத் தரப்படும் சில மருந்துகளே தூக்கத்தைத் தள்ளிப்போடும்; மருந்து தரும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் விட அவசரமாகப் பார்க்கவேண்டியது உடம்புக் கோளாறுகளை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையின் வலி, தூக்கமின்மையாக வெளிப்படுவது மிகச் சாதாரணம். மலச்சிக்கல் முதலில் நிற்கிறது. உணவில் மிகவும் தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். வயிறு இறுகிய நிலையில் யாருக்கும் தூக்கம் வராது. அடுத்து, படுத்ததும் மேலே ஏறும் வயிற்று அமிலம். பல்வலி, காதுவலி, தோல் அரிப்பு இவையும் உண்டு. குறட்டை விடுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சு சற்று நின்று திணறித் திரும்புவது எல்லாம் தொண்டையில் உள்ள டான்சிலோ மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டோ வீங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தை குறட்டை விடுவது அழகு என்று விட்டுவிடக்கூடாது.

இரும்புச்சத்து பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் தவறிவிடுகிறது. மாலையானால் கால்களில் ஒரு இனம் தெரியாத குறுகுறுப்பு, அசைத்தால்தான் நிம்மதி. இதைச் சொல்லத் தெரியாத குழந்தை உதைக்கும், கால்களைச் சுவரில் தேய்க்கும், அமுக்கிவிடச் சொல்லிக் கையை இழுக்கும், காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பு சுருண்டு கிடக்கும். அமைதியற்ற கால்கள் என்று இதைச் சொல்வார்கள். இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தால் இது வரும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதனால் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து இந்த அறிகுறிகளும் இருந்தால், இரும்பு மருந்து தருவதைத் தூக்க மருத்துவர்கள் பரிசீலிப்பார்கள். நீங்களாக இரும்பு மருந்து கொடுக்கவேண்டாம், அளவு மீறினால் குழந்தைகளுக்கு ஆபத்து.

வலிப்பும் நினைவில் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அது மற்றவர்களைவிட அதிகம். சில வலிப்புகள் தூக்கத்தில் மட்டுமே வரும்.

இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

எந்த மாற்றத்தையும் தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒரு தூக்க டைரி எழுதுவது நல்லது. படுக்கைக்குப் போன நேரம், தூங்கிய நேரம், இரவில் எழுந்த நேரமும் எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதும், காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம், மலம் கழித்ததா, என்ன மருந்து, பகலில் எப்படி இருந்தது. இவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் எழுதுவது சிரமம் என்று தெரியும்; கிறுக்கினாலும் போதும். நினைவை நம்பினால் மோசமான இரவுகள் மட்டுமே நினைவில் நிற்கும். எழுதி வைத்த தாளில் வேறு விஷயங்கள் தெரியும்: மலம் கழிக்காத இரண்டாம் நாள் இரவுதான் எழுகிறான், விடுமுறையில் ஒன்பது மணி வரை தூங்கிய நாளின் இரவுதான் பிரச்சினை, பாட்டி வீட்டில் இருந்தால் எழுவதே இல்லை.

தூங்கப் போவதில் உள்ள சிக்கல்

மருந்துக்கு முன்னால் பழக்க மாற்றங்களை முயலவேண்டும் என்று 2020-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கும் முன்னால் மேலே சொன்ன உடம்புக் காரணங்களைப் பார்க்கவேண்டும்.

படுக்கும் முன் செய்யும் வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டுங்கள்: பைஜாமா, பாத்ரூம், புத்தகம், விளக்கு அணைப்பு, படுக்கை. இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் நீளவேண்டாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் குழந்தையே படத்தை எடுத்துப் பெட்டியில் போடட்டும். பலர் செய்யும் ஒரு தவறு, பல் துலக்குவதையும் குளிப்பதையும் கடைசியில் வைப்பது. பல் துலக்கவே போராடும் குழந்தைக்கு அது படுக்கைக்கு முன் ஒரு சண்டை. தண்ணீரில் உற்சாகமாகிவிடும் குழந்தைக்குக் குளியல் ஒரு கொண்டாட்டம். இரண்டையும் சாப்பாட்டை ஒட்டி முன்னால் நகர்த்திவிடுங்கள். அப்புறம், வரிசை இறுகிப்போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே புத்தகம், அதே பக்கம் இல்லாவிட்டால் தூக்கமே இல்லை என்றாகிவிடும் அபாயம் இவர்களிடம் அதிகம். படத்தில் “புத்தகம்” என்று மட்டும் இருக்கட்டும், எந்தப் புத்தகம் என்பது நாளுக்கு நாள் மாறட்டும்.

திரைகளைப் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தவேண்டும். அந்த மணி நேரத்தில் வீட்டு விளக்குகளையும் மங்கலாக்குங்கள். காலையில் எழுந்ததும் நல்ல வெளிச்சத்தில் நிற்கவிடுங்கள், கடிகாரத்தைச் சரிசெய்வதில் காலை வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மதியத்துக்கு மேல் டீ, காபி, கோலா வேண்டாம்.

இத்தனை செய்தும் படுத்து இரண்டு மணி நேரம் விழித்திருக்கும் குழந்தைக்கு, படுக்கும் நேரத்தைப் படிப்படியாக நகர்த்தும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் அழவிடுவது இல்லை. உதாரணமாக ஆறு வயதுக் குழந்தை ஒன்று. எட்டரைக்குப் படுக்க வைக்கிறார்கள், டைரியில் பார்த்தால் சராசரியாகப் பத்தேமுக்காலுக்குத்தான் தூங்குகிறது. காலை ஆறரைக்கு எழுந்தாகவேண்டும். எட்டரையை மறந்துவிட்டு, படுக்கும் நேரத்தைப் பதினொன்றாக வையுங்கள். அதுவரை மங்கலான விளக்கில் அமைதியான விளையாட்டு. தூக்க அழுத்தம் முழுதாகச் சேர்ந்திருக்கும், அதனால் படுத்ததும் தூங்கிவிடும். பதினைந்து நிமிடத்துக்குள் தூங்கியது, அதுவும் தொடர்ந்து இரண்டு இரவு என்றால், அடுத்த நாள் பத்தேமுக்கால். மறுபடி இரண்டு இரவு, பத்தரை. இப்படி ஒன்பது மணி வரை வருவதற்கு எட்டுப் படிகள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பதினாறு இரவு ஆகும், நடைமுறையில் மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஒரு நாள் தூங்கவில்லை என்றால் அதே நேரத்திலேயே நில்லுங்கள், தேவைப்பட்டால் கால் மணி நேரம் பின்னே போங்கள். காலை ஆறரை மட்டும் எந்த நாளும் மாறக்கூடாது, விடுமுறையிலும்தான். முதல் சில நாட்கள் பகலில் எரிச்சல் கூடும். வலிப்பு உள்ள குழந்தைக்குத் தூக்கம் குறைவதே வலிப்பைத் தூண்டலாம், அதனால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது.

இரவில் எழுந்துகொள்வது

இரவில் எல்லோருமே பல முறை விழிக்கிறோம். ஒரு தூக்கச் சுழற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் லேசாகக் கண் திறந்து, எல்லாம் சரி என்று திரும்பத் தூங்கிவிடுகிறோம். காலையில் நினைவுகூட இருக்காது. அம்மா பக்கத்தில் படுத்து முதுகைத் தடவித் தூங்கிய குழந்தை, இரண்டு மணிக்கு அப்படிக் கண் திறக்கும்போது அம்மா இல்லை, தடவும் கை இல்லை. மாறாத சூழலில்தான் நிம்மதி காணும் குழந்தைக்கு இது சாதாரண விஷயமல்ல, முழுதாக விழித்துவிடும். ஆகவே தூங்கத் தொடங்கும்போது என்ன இருக்கிறதோ, அது விடிய விடிய இருக்கவேண்டும். ஆரம்பத்தில் எரியும் விடிவிளக்கு கடைசி வரை எரியட்டும். மின்விசிறிச் சத்தத்தில் தூங்கினால் அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். பாட்டு ஓடி நின்றுவிடும் என்றால் பாட்டு வேண்டாம்.

பக்கத்தில் படுப்பது குடும்பத்துக்குப் பிடித்திருந்து, எல்லோரும் தூங்குகிறார்கள் என்றால் அதை மாற்றவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாற்ற விரும்பினால் மெதுவாக. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், சில நாள் கழித்து நாற்காலியில், பிறகு நாற்காலி கதவருகே, பிறகு வெளியே. அழட்டும் என்று விட்டுவிடும் முறையில் முதல் சில நாட்கள் அழுகை கூடி, பிறகுதான் குறையும். தலையை மோதிக்கொள்ளும் குழந்தையிடம் அதை முயலச் சொல்ல எனக்கு மனம் வராது.

மெலடோனின் எப்போது?

மேலே சொன்ன வழிகள் போதவில்லை என்றால் மெலடோனினை முயலலாம் என்கிறது அதே 2020 வழிகாட்டுதல். படுக்கப்போகும் நேரத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டி, 10 மில்லிகிராமைத் தாண்டாமல் தரலாம் என்பது அதன் அளவு. மருத்துவர் சொல்லித்தான் தொடங்கவேண்டும். தூங்கத் தொடங்கும் சிக்கலுக்கு இது நன்றாக உதவுகிறது, நடு இரவு விழிப்புக்கு அவ்வளவாக இல்லை. மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றை, ஆட்டிசம் உள்ள 2 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அனுமதித்தது. சிலருக்குக் காலையில் மந்தம், தலைவலி வரலாம்.

பல நாடுகளில் இது சத்து மாத்திரை என்ற பெயரில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. தரம் பற்றி எச்சரிக்கை தேவை. 2017-ல் கனடாவில் கடைகளில் வாங்கிய மெலடோனின் பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்டிருப்பதைவிட 83 சதவீதம் குறைவானது முதல் 478 சதவீதம் அதிகமானது வரை இருந்தது. சிலவற்றில் செரோட்டோனினும் கலந்திருந்தது. சளி மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது இன்னும் மோசமான யோசனை. அந்த வகை மருந்துகள் சில குழந்தைகளை நேர்மாறாகத் துள்ளவைக்கும்.

எடை கூட்டிய போர்வைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2014-ல் பிரிட்டனில் 67 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சாதாரணப் போர்வையைவிட அதனால் தூக்கம் கூடவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. பிடித்தால் பகலிலும் மாலையிலும் அமைதிக்காகப் பயன்படுத்தலாம். தானே தள்ளிவிட முடியாத குழந்தைக்கும், மிகச் சிறிய குழந்தைக்கும் வேண்டவே வேண்டாம்.

இரவில் எழுந்து நடமாடும் குழந்தை இருக்கும் வீட்டில் பாதுகாப்பை முதல் நாளே கவனித்துவிடுங்கள். வாசற்கதவில் திறந்தால் ஒலிக்கும் சின்ன அலாரம், ஜன்னலுக்குப் பூட்டு, கேஸ் இணைப்பை அணைப்பது, சாயக்கூடிய அலமாரியைச் சுவரோடு பிணைப்பது. பெற்றோர் இருவர் இருந்தால் இரவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் இரண்டு மணி வரை, மற்றவர் அதற்குப் பிறகு. உடைந்த தூக்கத்தை இருவரும் சேர்ந்து தூங்குவதைவிட, ஆளுக்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவது எவ்வளவோ மேல். தனியாக வளர்ப்பவர் என்றால், வாரத்தில் ஒரு இரவாவது பார்த்துக்கொள்ள உறவினரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது டைரியோடு ஒரு வீடியோவும் கொண்டுபோங்கள். குறட்டை, மூச்சுத் திணறல், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் உதறல், வெறித்த பார்வை, இவற்றில் எது இருந்தாலும் ஃபோனில் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். குழந்தை அலறிக்கொண்டு எழுவதாக இருந்தால் மணியைக் குறியுங்கள்: தூங்கிய முதல் சில மணி நேரத்தில், கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் அலறினால் அது பெரும்பாலும் இரவுத் திடுக்கம், விடியற்காலையில் பயந்து எழுந்து உங்களைக் கட்டிக்கொண்டால் கெட்ட கனவு. ஒரே இரவில் பல முறை, அச்சு மாறாமல் வந்தால் வலிப்பா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.